திகதி முடிந்தது சரி, பழுது எப்போது தொடங்கியது?

மோட்டார் சைக்கிளை உற்பத்தி செய்த நிறுவனத்துக்கும், அதை இலங்கையில் விற்கும் முகவர் நிறுவனத்தின் உத்தரவாதப் பிரிவுக்கும் மட்டக்களப்பிலிருந்து ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

உங்கள் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் பதில் கிடைத்தது. ஆங்கிலத்தில் நான்கு வரி. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதால் எஞ்சின் திருத்தச் செலவை ஏற்க முடியாது என்பது முதல் இரண்டு வரி. பாவனை நிலைமைகளும் பராமரிப்பும் பழுதுக்குக் காரணமாக இருக்கலாம் என்பது மூன்றாவது. நான்காவதில், தொடர்ந்தும் உங்கள் வாடிக்கையாளராக இருப்பதற்கு எனக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள்.

முதல் இரண்டு வரியோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டு வருடம் அல்லது 30,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை என்று கையேட்டில் தெளிவாக இருக்கிறது. வண்டியை வாங்கியது 2023 நடுப்பகுதியில். எஞ்சின் இறுகி நின்றது 26ஆம் மாதத்தில். அப்போது மீற்றரில் 21,000 சொச்சம். கிலோமீற்றர் கணக்கில் கிட்டத்தட்ட 9,000 மிச்சம் இருக்க, மாதக் கணக்கில் கொஞ்சம் கூடிவிட்டது. திகதி தாண்டியது உண்மைதான். நான் கேட்டது வேறு. எஞ்சின் ஏன் போனது, அந்தப் பழுது எப்போது தொடங்கியது என்று கேட்டேன். உங்கள் பதிலில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. தனியே எழுதிக் கேட்டுப் பார்த்தாயிற்று, இனி எல்லாரும் பார்க்கக் கேட்கிறேன்.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். உங்கள் கோப்பில் அது முழுதாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

நான் ஒரு விவசாயப் போதனாசிரியர். வீடு எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம். வேலை படுவான்கரையில், வாவிக்கு மேற்கே வயல் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வண்டியை ஏற்றித்தான் வாவியைக் கடப்போம். இப்போது பாலத்தால் போய் மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை, அப்புறம் உள்ளே கிரவல் வீதியில் வயல் கிராமங்கள். இந்தப் பக்கம் ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், பால் எடுக்கிறவர், மீன்பெட்டி கட்டிப் போகிறவர் என்று யாரைக் கேட்டாலும் பிழைப்பு இரண்டு சில்லில்தான் ஓடுகிறது. நீங்கள் கொழும்பில் விற்கிற பைக் அங்கே இரண்டாவது வாகனமாக இருக்கலாம். இங்கே அது ஒன்றுதான்.

பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டங்கள் நடக்கிற காலத்தில், சாதாரண வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சினின் மேற்பக்கத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. இழுவை குறைந்தது, அப்படியே நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் அசையவில்லை. ஒரு விவசாயியின் லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிப் பாலத்தடிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நகரத்திலுள்ள உங்கள் அங்கீகாரம் பெற்ற சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். வழியில் நாலு கராஜ் இருந்தது. ஒன்றிலும் இறக்கவில்லை. வெளியாள் கை வைத்துவிட்டான் என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் காரணம்.

எஞ்சினைத் திறந்தது உங்கள் ஆட்கள். நான் பக்கத்தில் நின்றேன். முதலில் ஒயில் இறக்கினார்கள். அளவு சரியாக இருந்தது, நிறமும் மோசமில்லை, கடைசிச் சேர்விஸ் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. பிறகு ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேற்பகுதியை, கழற்றினார்கள். வால்வுகளை இயக்குகிற கேம் ஷாஃப்ட் உட்கார்ந்து சுழல்கிற இடங்கள் உழுத வயல் மாதிரிக் கிடந்தன. இந்த மொடலில் கேம் ஷாஃப்ட் அலுமினிய ஹெட்டிலேயே நேரடியாகச் சுழல்கிறது, தனியாகப் பெயாரிங் இல்லை. ஒயில் படலம் ஒன்றுதான் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் இருக்கிற பாதுகாப்பு. அது இல்லாமல் போனதும் கேம் இறுகிவிட்டது, கேமைச் சுற்றுகிற டைமிங் செயின் பல் தாண்டிவிட்டது, வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிட்டது.

சரி, ஒயில் ஏன் மேலே போகவில்லை? வேலை செய்த தம்பி ஹெட்டுக்குப் போகிற ஒயில் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார். இறங்கவில்லை. கிண்டி எடுத்தபோது வந்தது ஒரு சிறு கறுப்புத் துணுக்கு. ரப்பர் மாதிரி நசிந்தது. "இஞ்ச பாருங்க சேர், இது சீலர். பக்கிங்குக்கு பூசுறது. கூடப் பூசினா உள்ளுக்கு வழிஞ்சு, காஞ்சு, பிறகு உடைஞ்சு ஓடும்" என்றார். அந்தத் தம்பி யாரென்று தயவுசெய்து தேட வேண்டாம். கண்ணில் கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

எஞ்சின் மூடிகள் பொருந்துகிற இடத்தில், கசிவைத் தடுக்கும் பக்கிங்கோடு பூசும் திரவ சீலர் அளவுக்கு மீறினால், நசுங்கி உட்பக்கமாகப் பிதுங்கும். அது பின்பு கழன்று ஒயிலோடு சுற்றும். ஒயில் பம்ப்புக்கு முன்னாலுள்ள வலையில் சிக்கினால் தப்பினோம். அதைத் தாண்டிய இடத்தில் கழன்றால் எங்காவது ஒடுக்கமான துளையில் போய் அடைபடும். ஹெட்டுக்குப் போகிற துளைதான் எல்லாவற்றிலும் ஒடுக்கம். மெக்கானிக் வேலை பழகுகிற எவருக்கும் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கிற விசயம் இது. என் எஞ்சின் அதற்கு முன் ஒருதரம்கூடப் பிரிக்கப்படவில்லை. சேர்விஸ் எல்லாமே உங்கள் நிலையத்தில்தான், முத்திரை குத்திய கையேடு இருக்கிறது. அப்படியானால் அந்த சீலரைப் பூசியது யார்? பொருத்திய தொழிற்சாலை. இல்லையென்றால் உங்கள் சேர்விஸ் நிலையம். மூன்றாவதாக ஒருவர் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் மூன்றாவது வரிக்கு வருகிறேன். "பாவனை நிலைமைகள்" என்று நீங்கள் எழுதியதை நான் கிரவல் வீதி, புழுதி என்று விளங்கிக்கொள்கிறேன். புழுதி எஞ்சினைத் தின்னும், மறுக்கவில்லை. ஆனால் அது எயார் ஃபில்டரைத் தாண்டி வருவது சிலிண்டருக்குள். முதலில் தேய்வது ரிங்கும் சிலிண்டர் சுவரும். என் சிலிண்டர் சுவரில் தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் தேயாமல் தெரிகின்றன. அதை உங்கள் ஆட்களே எனக்குக் காட்டினார்கள், நானும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பராமரிப்புக் குறை என்றால், அதாவது ஒயில் மாற்றாமலோ ஒயில் இல்லாமலோ ஓடியிருந்தால், கீழே கனெக்டிங் ராட் பெயாரிங்கும் சேர்ந்து போயிருக்கும், பிஸ்டன் பக்கவாட்டில் உரசியிருக்கும். கீழ்ப்பகுதி முழுதும் நன்றாக இருக்கிறது, பிஸ்டனில் வால்வு இடித்த தழும்பைத் தவிர வேறு காயம் இல்லை. ஒயில் கிடைக்காமல் போன இடம் ஹெட் மட்டும். நான் எஞ்சினியர் இல்லை. ஆனால் ஒரு வயலில் ஒரு மூலை மட்டும் மஞ்சளாகிக் கிடந்தால் அந்த மூலைக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலைப் பார்க்கச் சொல்வதுதான் என் தொழில். முழு வயலுக்கும் விவசாயி பசளை போடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் என்னை வேலையில் வைத்திருக்கமாட்டார்கள்.

கிடக்கட்டும், இந்த வண்டிக்கு நீங்கள் நகரத்தில் கட்டியிருக்கிற பதாகையைப் பார்த்திருக்கிறீர்களா? சேறு தெறிக்க, புழுதி பறக்க ஒருவர் பாய்ந்து போகிறார். கொக்கட்டிச்சோலை வீதி அதைவிட நல்ல வீதி.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. உத்தரவாதம் முடிவதற்குப் பல மாதங்களுக்கு முன், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேற்பக்கத்தில் சில வினாடி டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்று சேர்விஸுக்கு விட்டபோது முறையிட்டிருக்கிறேன். சேர்விஸ் நிலையம் வேலை விபரம் எழுதுகிற ஜொப் கார்ட்டில் அது எழுதப்பட்டிருக்கிறது. எதிரே "டெப்பட் சரிசெய்யப்பட்டது", அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்தாயிற்று, என்று கையெழுத்தும் இருக்கிறது. சத்தம் குறைந்தது, பிறகு மறுபடி வந்தது. அடுத்த சேர்விஸிலும் சொன்னேன், இந்த மொடலுக்கு அது வழமை என்றார்கள். ஹெட்டுக்கு ஒயில் ஏறப் பிந்தினால் காலைக் குளிரில் முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான். அன்று ஒயில் வருகிறதா என்று டெப்பட் மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் சில நிமிட வேலை. ஆகவே 26ஆம் மாதத்தில் வந்த பழுது என்று இதை நீங்கள் சொல்ல முடியாது. உத்தரவாதத்துக்குள் முறையிட்ட பழுது உத்தரவாதத்துக்கு வெளியே முற்றிப்போயிருக்கிறது. இந்த ஒரு விடயத்துக்கு நேரடியாகப் பதில் சொன்னாலே போதும், மீதியை நான் விட்டுவிடத் தயார்.

எல்லை என்று ஒன்று வேண்டும் என்பது எனக்கும் விளங்குகிறது. பத்து வருடம் ஓடிய வண்டிக்கு எவரும் புது எஞ்சின் கேட்க முடியாது. ஆனால் அந்த எல்லையை நீங்கள் எப்படிப் பாவிக்கிறீர்கள் என்பதில்தான் பிரச்சினை. உங்கள் ஷோரூமிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்த லீசிங்காரர் எனக்கு நான்கு வருடத் தவணை தந்தார். நான்கு வருடம் ஓடி உழைக்கும் என்று நம்பித்தானே வண்டியையே பிணையாக வைத்துக் கடன் தருகிறார்கள்? அதை உங்கள் கூரைக்குக் கீழேதானே தந்தார்கள்? எஞ்சின் நின்ற பிறகும் மாதம் பிறந்தால் தவணைக்கு எஸ்எம்எஸ் தவறாமல் வருகிறது.

என் கதையைவிட மோசமான கதைகள் உண்டு. 2020, 2021இல் வண்டி எடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் மாதக்கணக்கில் வண்டி தாழ்வாரத்தில் நின்றது, சேர்விஸ் நிலையமும் பூட்டிக் கிடந்தது. 2022இல் பெற்றோல் இல்லை. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். வண்டி ஓடவேயில்லை, உத்தரவாத மாதங்கள் மட்டும் ஓடின. "எது முதலில் வருகிறதோ" என்ற வசனம் அப்போதெல்லாம் ஒரு பக்கத்துக்குத்தான் வேலை செய்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எங்களுக்கு இருந்த தெரிவு, உள்ளூரில் பொருத்தப்பட்ட ஒருசில மொடல்களும் யானை விலைக்குப் பழைய வண்டிகளும். உங்களுக்கு விற்பனைக் கவலை இல்லாத காலம் அது. அந்தக் காலத்து வாங்குநர்களுக்கு இப்போது கொஞ்சம் கடன்பட்டிருக்கிறீர்கள் என்பது என் எண்ணம்.

உத்தரவாதம் முடிந்தால் உற்பத்தியாளரின் கை கட்டப்பட்டுவிடும் என்பதுபோல உங்கள் கடிதம் பேசுகிறது. அப்படி இல்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டொயோட்டாவின் 1997 முதல் 2002 வரையான சில எஞ்சின்களில் ஒயில் சேறாகிக் கட்டிபட்டு எஞ்சின் போனது. முதலில் உரிமையாளர்கள் ஒயில் மாற்றாததுதான் காரணம் என்று சொன்னார்கள். முறைப்பாடு குவிந்த பிறகு, 2002இல் வாங்கிய நாளிலிருந்து எட்டு வருடம், கிலோமீற்றர் எல்லை இல்லாமல் திருத்திக் கொடுப்பதாக அந்த நிறுவனமே அறிவித்தது. ஹூண்டாய், கியா நிறுவனங்களின் தீட்டா 2 எஞ்சின்கள் பெயாரிங் இறுகிப் போனபோது, அமெரிக்காவில் 2019இல் எட்டிய இணக்கத்தில் எஞ்சினின் கீழ்ப்பகுதிக்கு ஆயுள் உத்தரவாதமே கொடுத்தார்கள். அவை கார்கள், அமெரிக்க வழக்கறிஞர்கள் வேறு பின்னால் நின்றார்கள், அது உண்மை. எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனால் காரணம் தொழிற்சாலையில் இருந்தால் திகதி இரண்டாம் பட்சம் என்பதை இந்தத் தொழிலின் பெரிய ஆட்களே ஏற்றிருக்கிறார்கள். தனித்தனி வாடிக்கையாளர்களுக்கும் இப்படி நடக்கிறது. வயது, கிலோமீற்றர், சேர்விஸ் வரலாறு மூன்றையும் பார்த்து, உதிரிப்பாகத்தை நிறுவனம் ஏற்க, கூலியை வாடிக்கையாளர் கட்டுவது வாகன உலகத்தில் புதிது இல்லை. மேலிடத்துக்கு இப்படி ஒரு கோரிக்கையை அனுப்பும் படிவம் உங்கள் முகவரிடம் இருக்கிறதா என்று கேட்டேன். அங்கிருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உங்களுக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டிவரும்" என்று உங்கள் தரப்பில் தொலைபேசியில் பேசிய அம்மணி சொன்னார். எல்லாருக்கும் இதே பழுது வந்தால் கொடுக்கத்தான் வேண்டும். வரவில்லை என்றால் என் ஒருவனுக்குக் கொடுப்பதில் நட்டம் இல்லை. இதில் எது உண்மை என்பது உங்கள் உதிரிப்பாகக் கணக்கில் இருக்கிறது. இந்த மொடலுக்கு 2023க்குப் பிறகு எத்தனை ஹெட், எத்தனை கேம் ஷாஃப்ட் விற்றீர்கள், அவை எந்த எஞ்சின் இலக்க வரிசைக்குப் போயின என்று பார்த்தால் தெரிந்துவிடும். நாங்கள் பார்க்க முடியாத கணக்கு அது. நீங்கள் பார்த்தீர்களா?

சட்டத்தைக் காட்டி மிரட்டுகிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பலருக்கு இது தெரியாது, ஆகவே எழுதி வைக்கிறேன். 1896ஆம் ஆண்டின் பொருள்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வியாபாரி விற்கிற பொருள் விற்பனைக்குகந்த தரத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைக் காகிதத்தில் எழுதாவிட்டாலும் இருப்பதாகவே கொள்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளிக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்க அந்தச் சபைக்கு அதிகாரம் தருகிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எப்படி முறையிடுவது என்று சொல்வார்கள். என் முறைப்பாட்டை அவர்கள் எப்படித் தீர்ப்பார்களோ, அது அவர்கள் வேலை. பேசித் தீர்க்க மத்தியஸ்த சபையும் இருக்கிறது. இவ்வளவு தூரம் போகாமலே இது முடியவேண்டும் என்றுதான் இப்போதும் விரும்புகிறேன். எனக்கு வேண்டியது ஓடுகிற வண்டி. வழக்கு இலக்கத்தில் ஏறி வயலுக்குப் போக முடியாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். உங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, சேர்விஸ் நிலையத்தில் கழற்றி வைத்திருக்கிற பாகங்களை என் முன்னால் பார்க்கட்டும். கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், ஒருநாள் பயணம் என்று தெரியும். வர முடியாவிட்டால் ஹெட்டையும் ஒயில் பம்ப்பையும் அந்தத் துணுக்கையும் முத்திரை வைத்து எடுத்துச் செல்லுங்கள், பற்றுச்சீட்டுத் தந்துவிட்டு. பழுதின் காரணம் என்ன என்று ஒரு பக்க அறிக்கை தாருங்கள், பொறுப்பானவர் கையெழுத்தோடு. அதில் பராமரிப்புக் குறை என்று வந்தால், எந்தப் பாகத்தில் எந்த அடையாளத்தை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். எழுதினால் நான் முழுச் செலவையும் கட்டி வண்டியை எடுத்துக்கொள்வேன், இதை எழுதிய இடத்திலேயே அதையும் எழுதுவேன். தொழிற்சாலைக் குறை அல்லது சேர்விஸ் குறை என்று வந்தால் ஹெட், கேம் ஷாஃப்ட், வால்வு, பிஸ்டன், பக்கிங் தொகுதி உங்கள் செலவு. கூலியை நான் தருகிறேன். திகதி தாண்டியதற்கு என் பங்கு அது என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அனுப்பிய விலைமதிப்பீட்டில் கூலி மிகச் சிறிய பகுதி என்பது உண்மைதான். தவறு என் பக்கம் இல்லாத ஒரு பழுதுக்கு அதுவே கூடுதல் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் இறங்கி வந்திருக்கிறேன், நீங்களும் கொஞ்சம் இறங்குங்கள்.

இந்த மொடலை வைத்திருக்கிற மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் மேலே டிக் டிக் கேட்டால் உத்தரவாதம் இருக்கும்போதே ஜொப் கார்ட்டில் எழுதச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சில் விட்டுவிட்டு வராதீர்கள். அந்தக் கார்ட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், தரமாட்டோம் என்றால் படம் எடுங்கள். டெப்பட் மூடியைத் திறந்து ஒயில் மேலே வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் போனால் கழற்றிய பழைய பாகங்களை விட்டுவிட்டு வராதீர்கள். அவை உங்கள் சொத்து.

நிறுவனத்தாருக்கு மறுபடியும்: அந்தப் பாகங்கள் என் பெயர் எழுதிய பெட்டியில் உங்கள் சேர்விஸ் நிலையத்தின் பின்னறையில் இருக்கின்றன. இடம் போதவில்லை, எடுத்துச் செல்லுங்கள் அல்லது எறிந்துவிடுவோம் என்று நேற்று அழைப்பு வந்தது. பரிசோதனை முடியும்வரை அவற்றை யாரும் கழுவவோ எறியவோ கூடாது என்று அந்த நிலையத்துக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள். தமிழில் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வண்டிக்கு இன்னும் லீசிங் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாடிக்கையாளன்,
மட்டக்களப்பு.